நிற்பதும் நிறுத்தப்படுவதும்

வடாலா ரோடு ஸ்டேஷனின் நடைமேம்பாலத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் போதும். மும்பை நகரம் எதனால் ஓடுகிறது, எதனால் நின்றுவிடும் என்ற இரண்டும் விளங்கிவிடும். காலடியில் ஹார்பர் லைன் கிடக்கிறது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குச் சென்றது இந்த வழியாகத்தான். ஸ்டேஷனைத் தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரிந்து, ஒன்று குர்லா, செம்பூர் வழியே பன்வேலை நோக்கிப் போக, மற்றொன்று கிங்ஸ் சர்க்கிள், மாஹிம் என்று மேற்கே வளைகிறது. கிழக்கே உப்பளமும் துறைமுகமும். மேற்கே மாட்டுங்கா, தாதர், அதற்கப்பால் கடல். வடக்கும் தெற்குமாக லட்சோபலட்சம் பேரை அன்றாடம் சுமந்து செல்லும் இந்நகரம், கிழக்கிலிருந்து மேற்கே ஒரு மைல் நகரவேண்டுமானால், தண்டவாளங்களுக்கு மேலே போட்ட ஒரு சில பாலங்களையே நம்பியிருக்கிறது. அவற்றில் ஒன்றின் முகப்பில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால் பாதி ஊர் ஸ்தம்பித்துவிடும். அந்தக் கயிற்றைக் கட்டும் சக்தி மழை, மந்திரி, மடாதிபதி ஆகிய மூவருக்கே உண்டு என்று எங்கள் அண்டாப்ஹில் குவார்ட்டர்ஸில் ஒரு பரிகாசம் வழங்குவதுண்டு. மழையைப் பற்றியும் மந்திரியைப் பற்றியும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மூன்றாமவர் என்று வரும்போது, பக்தியினாலோ பயத்தினாலோ, பேனா சற்றுத் தயங்குகிறது. சமயத் தலைவர் ஒருவர் ஒரு நகரத்துக்கு விஜயம் செய்யும்போது அந்நகரத்தின் போக்குவரத்தும் அன்றாட வாழ்வும் ஏன் குலைகின்றன, எப்போதுமே இப்படித்தானா, குலைப்பவர் உண்மையில் யார் என்ற கேள்விகளை அந்தத் தயக்கம் இல்லாமல் கொஞ்சம் புரட்டிப் பார்ப்பதே இங்கே என் உத்தேசம்.

எனக்கு இந்த விசாரம் தொடங்கிய நாள் 1986 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. போப் இரண்டாம் ஜான் பால் பிப்ரவரி முதல் தேதி டில்லியில் இறங்கி, ராஞ்சி, கல்கத்தா, ஷில்லாங், சென்னை, கோவா, கேரளம் என்று தேசத்தையே ஒரு வலம் வந்துவிட்டு, கடைசிக் கட்டமாகப் பம்பாய்க்கு வந்திருந்தார். சிவாஜி பார்க் மைதானத்தில் திருப்பலி. வடாலாவிலிருந்து சிவாஜி பார்க் இரண்டு மைலுக்குச் சற்று அதிகம் இருக்கலாம். நடுவே குறுக்கிடுவது தாதரின் திலக் பாலம். எங்கள் பகுதியின் கத்தோலிக்கக் குடும்பங்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டும், கிழவிகளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டும், அந்தப் பாலத்தை நோக்கிக் கூட்டங்கூட்டமாக நடந்து போனதைப் பார்த்தேன். பஸ் வருமா வராதா என்று அவர்களில் ஒருவர்கூட விசாரிக்கவில்லை. உறவினர் வீட்டுச் சீமந்தத்துக்கு மாஹிம் போகவேண்டியிருந்த நானோ, எந்த டாக்சிக்காரரும் பாலத்தைத் தாண்ட இசையவில்லை என்ற கோபத்தோடு தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே சாலை, ஒரே நாழிகை, ஒரே பாலம்; அவர்களுக்கு அது திருவிழா, எனக்கு அது இடையூறு. கிங்ஸ் சர்க்கிள் வழியாக மாஹிமுக்கு லோக்கல் ரயில் இருக்கிறது என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் என் புத்தியில் பட்டது என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

சமயப் பெரியவர் ஊருக்குள் வருவதற்கென்று நம் மொழியில் வெகு காலமாக ஒரு சொல் உண்டு: பட்டணப் பிரவேசம். ஆசாரியர் வருகிறார் என்றால் எல்லையில் பூர்ணகும்பம், வாசல்தோறும் கோலம், நாகஸ்வரம், தோரணம் என்று ஊரே தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நிற்கும். யாரும் அதை நிறுத்துவதில்லை, அதுவாக நிற்கிறது. தேரோட்டத்தன்று திருவாரூரின் நான்கு வீதிகளிலும் வண்டி ஓடாது. அதைப் போக்குவரத்து நெருக்கடி என்று எவரும் புகார் எழுதியதாக நான் கேள்விப்பட்டதில்லை. காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஸ்வாமிகள் 1919-இல் தொடங்கிய காசி யாத்திரை இருபது ஆண்டுக் காலம் நீடித்தது. நடையும் பல்லக்குமாகப் போன அந்தப் பரிவாரம் ஓர் ஊரை அடையும் நாளை அடுத்த ஊர் முன்கூட்டியே அறிந்திருந்தது. வந்த பிறகும் மாட்டு வண்டிக்காரன் ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவதற்கு அவகாசம் இருந்தது. பல்லக்கின் வேகம் மனிதக் காலின் வேகம். ஆகவே அது உண்டாக்கும் இடைஞ்சலும் மனித அளவைத் தாண்டியதில்லை. தருமபுரம் ஆதீனத்தின் பட்டினப் பிரவேசத்தில் பல்லக்குத் தூக்குவதற்கு 2022-இல் கோட்டாட்சியர் தடை விதித்ததும், பிறகு அத்தடை விலக்கப்பட்டு மே 22-ஆம் தேதி இரவு அது நடந்தேறியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அங்கே எழுந்த ஆட்சேபணை, மனிதனை மனிதன் சுமக்கலாமா என்பதே. நியாயமான கேள்விதான். ஆனால் சாலை மறிபடுகிறது என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை என்பதை மட்டும் என் வாதத்துக்காகக் குறித்துக்கொள்கிறேன்.

வாகனம் என்ற ஒன்று குறுக்கே வந்தபோது நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 1897-ஆம் வருஷத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அமெரிக்காவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் திரும்பிய சுவாமி விவேகானந்தர் ஜனவரி 26-ஆம் தேதி பாம்பனில் இறங்கியபோது, அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்து அப்புறப்படுத்திவிட்டு, ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி உட்பட ஜனங்களே வண்டியை இழுத்துச் சென்றார்கள். பிறகு சென்னைக்கு ரயிலில் வரும் வழியில், வண்டி நிற்காத ஒரு சிறு ஸ்டேஷனில் திரண்டிருந்த நூற்றுக்கணக்கானவர்கள், ஒரு கணமாவது தரிசனம் கிடைக்கவேண்டும் என்று மன்றாடி, ஸ்டேஷன் மாஸ்டர் இசையாமற்போகவே, ரயில் வரும் வேளையில் தண்டவாளத்தில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்துவிட்டதாகவும், கார்டு பதறிப்போய் வண்டியை நிறுத்தியதாகவும் அவருடைய சரித்திரம் எழுதிய சீடர்கள் சொல்கிறார்கள். பிப்ரவரி 6-ஆம் தேதி எழும்பூரில் இறங்கினார்; அங்கேயும் குதிரைகள் அவிழ்க்கப்பட்டன; மாணவர்கள் இழுத்த வண்டியில் கடற்கரை ஐஸ் ஹவுஸ் போய்ச் சேர்ந்தார். தென்னிந்திய ரயில்வேயின் கால அட்டவணை அன்று எவ்வளவு குலைந்தது என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. சந்நியாசி ரயிலை நிறுத்தச் சொல்லவில்லை, சர்க்காரும் நிறுத்தவில்லை. நிறுத்தினவர்கள் ஜனங்கள், அதுவும் தங்கள் சரீரத்தையே பணயமாக வைத்து. அதே ரயிலில் மறுநாள் கோர்ட் வாய்தாவுக்குப் போகவேண்டியிருந்த ஒரு பிரயாணியும் இருந்திருப்பார். அவர் சரித்திரத்தில் இடம்பெறுவதில்லை. இந்தக் கட்டுரையில் அவருக்கும் ஒரு பெஞ்சு ஒதுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பம்பாய் கண்ட பெரிய பிரவேசங்களில் ஒன்று 1964 டிசம்பரில் நிகழ்ந்தது. சர்வதேச நற்கருணை மாநாடு அந்த முறை இங்கே கூடியது. அதற்காக டிசம்பர் 2-ஆம் தேதி, புதன்கிழமை, போப் ஆறாம் பவுல் ஏர் இந்தியா விமானத்தில் சாந்தாகுரூஸ் வந்திறங்கினார். இந்திய மண்ணில் காலடி வைத்த முதல் போப்பாண்டவர் அவர். வேலை நாள். விமான நிலையத்திலிருந்து நகரத்தின் தென்கோடிக்கு வருகிற சாலை நெடுகிலும் லட்சக்கணக்கானவர்கள் நின்றார்கள்; அவர்களில் கிறிஸ்தவர்களைக் காட்டிலும் மற்றவர்களே அதிகம் இருந்திருப்பார்கள் என்று ஊரின் ஜனத்தொகையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். திறந்த காரில் நின்றபடி அவர் வந்தார். அந்த ஆண்டு மார்ச் 31-ஆம் தேதி இரவுதான் போரிபந்தரிலிருந்து தாதர் வரையில் கடைசி டிராம் ஓடி ஓய்ந்திருந்தது என்பது ஒரு விசித்திரமான பொருத்தம். டிராம் இருந்திருந்தால் தண்டவாளத்தை விட்டு விலகமுடியாத அந்தப் பெட்டிகள் அன்றைக்குக் கூட்டத்தின் நடுவே வரிசையாக நின்றுகொண்டு, ஏறிப் பார்ப்பதற்கு நல்ல மேடைகளாகப் பயன்பட்டிருக்கும். ஓவல் மைதானத்தில் மறுநாள் ஆறு ஆயர்களுக்குத் திருநிலைப்பாடு நடந்தது. அந்தேரியில் ஓர் அநாதை விடுதிக்கும் அவர் போனார். திரும்பிப் போகும்போது, தமக்கென்று அளிக்கப்பட்டிருந்த வெள்ளை லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துவிட்டுப் போனது உலகமறிந்த செய்தி. ஊரை நிறுத்திய வாகனத்தையே தானம் செய்துவிட்டுப் போன அதிதி வேறு யாரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

1964-க்கும் 1986-க்கும் நடுவில் உலகம் மாறிவிட்டது. 1981 மே 13-ஆம் தேதி ரோமாபுரியில் புனித பேதுரு சதுக்கத்தில், திறந்த வாகனத்தில் ஜனங்களின் நடுவே வந்துகொண்டிருந்த இரண்டாம் ஜான் பால் சுடப்பட்டார்; அதன்பின் குண்டு துளைக்காத கண்ணாடிக் கூண்டு போப்பாண்டவரின் வாகனத்துக்கு ஓர் அங்கமாயிற்று. 1984 அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தி தம் இல்லத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்; மறு ஆண்டே பிரதமரின் பாதுகாப்புக்கெனத் தனிப்படை பிறந்தது. பெரிய மனிதர் என்றால் ஆபத்தில் இருப்பவர் என்பதும், ஆபத்தில் இருப்பவர் என்றால் அவரைச் சுற்றி நூறு கஜம் காலியாக இருக்கவேண்டும் என்பதும் அது முதற்கொண்டு சர்க்காரின் இலக்கணமாயின. இந்த இலக்கணம் அரசியல்வாதிகளோடு நின்றுவிடவில்லை. தலாய் லாமாவுக்கு 2025 பிப்ரவரியில் நாடு முழுவதும் செல்லுபடியாகும் இசட் பிரிவுப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. அவருக்கு அது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவசியமுள்ளவருக்கு அளித்த குடையைப் பார்த்து, மழையே பெய்யாதவர்களும் குடை கேட்கத் தொடங்கினார்கள் என்பதும் நம் கண்முன் நடந்த காரியம். பாதுகாப்பு என்பது அந்தஸ்தின் அடையாளமாகிவிட்ட பிறகு, சைரன் ஒலிக்காமல் வருகிற ஸ்வாமிகள் சற்றுச் சின்ன ஸ்வாமிகளாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டார்.

இந்த இடத்தில் பந்தோபஸ்து எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விவரமாகச் சொல்லவேண்டும். முதல் நாள் மாலையிலேயே வழி நெடுக நிறுத்தியிருக்கும் வண்டிகள் அகற்றப்படுகின்றன. குறுக்குச் சந்துகளில் மூங்கில் கட்டப்படுகிறது. கைவண்டிக்காரர்களும் நடைபாதைக் கடைக்காரர்களும் இரண்டு நாளைக்கு மறைந்துபோகும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். வருகிறவரின் நேரம் ரகசியம், வழியும் ரகசியம், சில சமயம் இரண்டு வழிகள் தயாராக வைக்கப்படுவதால் தடையும் இரட்டிப்பாகிறது. பிக்ஷையோ பாதபூஜையோ நடக்கிற ஒரு வீட்டில் அவர் அரைமணி தாமதித்தால், அவர் இன்னும் எட்டாத பத்துச் சந்திப்புகளிலும் அந்த அரைமணி காத்துக்கிடக்கிறது. பத்து நிமிஷம் மறித்த சந்திப்பு பத்து நிமிஷத்தில் தெளிவதுமில்லை. ஏனெனில் அங்கே நின்ற வண்டிகளின் வால், பின்னாலுள்ள சந்திப்பை அடைத்துவிடுகிறது. அங்கே குறுக்கே போகவேண்டியவர்கள், ஸ்வாமிகளின் வழிக்கு ஒரு சம்பந்தமும் இல்லாதவர்கள், ஏன் நிற்கிறோம் என்றே தெரியாமல் நிற்கிறார்கள். வடாலாவின் கித்வாய் ரோடில் கட்டிய மூங்கிலின் பலனைச் சயானில் அனுபவிக்கிறவருக்கு, காரணம் ஆன்மிகம் என்று எப்படித் தெரியும்? கிழக்கு மேற்குப் பாலங்களின் நிலைமை இப்போது இன்னும் மோசம். சயான் பாலம் 2024 ஆகஸ்டிலும், எல்பின்ஸ்டன் பாலம் 2025 செப்டம்பரிலும் இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டன. ஆகையால் நூறு வயதான திலக் பாலம் தன் பங்கோடு மற்றவர்களின் பங்கையும் சுமந்துகொண்டிருக்கிற காலம் இது. அதன் மேல் இன்று ஒரு கயிறு விழுந்தால் 1986-இல் நான் நின்றதைப்போல் அரைமணி நேரத்தில் தப்பிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக இதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். ராஜபாட்டையில் சமய ஊர்வலம் போக எவருக்கும் உரிமை உண்டு, ஆனால் அந்த உரிமை மாஜிஸ்திரேட்டின் ஒழுங்குக்கும் மற்றப் பொதுமக்களின் உரிமைக்கும் உட்பட்டது என்று 1924-இல் மன்சூர் ஹசன் வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அரசியல் சாசனத்தின் 25-ஆம் ஷரத்து சமய சுதந்திரத்தைப் பொது ஒழுங்குக்கும் சுகாதாரத்துக்கும் உட்படுத்தியே தருகிறது. 2010-இல் பம்பாய் ஹைகோர்ட் சிவாஜி பார்க்கை அமைதி மண்டலம் என்று அறிவித்ததும் ஞாபகத்துக்கு வருகிறது. 1986-இல் அப்படியொரு தீர்ப்பு இல்லை. ஆக, சட்டத்தில் குறை சொல்லுவதற்கு அதிகமில்லை. மேற்சொன்னவை யாவும் ஊர்வலத்தையும் கூட்டத்தையும் மனத்தில் வைத்து எழுந்தவை. ஊர்வலமும் அல்லாமல், கூட்டமும் அல்லாமல், நாற்பது விநாடியில் மறைந்துவிடும் ஒரு கார் வரிசைக்காக ஒரு மணி நேரம் தெருவைக் காலியாக வைக்கிற புதுச் சம்பிரதாயத்தை அந்தத் தீர்ப்புகள் கற்பனை செய்து பார்க்கவில்லை.

கூட்டமே ஆபத்து, ஆகையால் கட்டுப்பாடு வேண்டும் என்பது போலீஸ் தரப்பின் வாதம். அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். தாவூதி போரா சமூகத்தின் குருவான சையத்னா முகம்மது புர்ஹானுத்தீன் 2014 ஜனவரி 17-ஆம் தேதி காலமானார். கடைசி முறையாக முகம் பார்க்க வேண்டுமென்று மலபார் ஹில்லில் அவருடைய இல்லத்தை நோக்கி அன்றிரவு திரண்ட ஜனங்களில், மேட்டிலேறும் குறுகிய சாலையில், வாசல் அருகே நெருக்குண்டு, 18-ஆம் தேதி விடியுமுன்பே பதினெட்டுப் பேர் உயிரிழந்தனர். துக்கத்தில் வந்தவர்களுக்கு அதைவிடத் துக்கம் வேறென்ன நேரமுடியும்? ஆயினும் அடுத்த உதாரணத்தையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 2017 செப்டம்பர் 29-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, எல்பின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனின் நடைபாலத்தில் மழைக்காக ஒதுங்கி நின்றவர்களும் இறங்கி வந்தவர்களும் நெருக்கியடித்ததில் 23 பேர் மாண்டார்கள். அன்று எந்த ஆசாரியரும் வரவில்லை. பெரும்பாலும் ஆபீஸுக்குப் போகிறவர்கள். கூட்டம் கொல்வதில்லை. கூட்டத்தை இடுக்கான வாயிலில் எதிரும் புதிருமாக விடுகிற ஏற்பாடே கொல்கிறது. அகலமான வழியும், போவதற்கொன்று வருவதற்கொன்று என்ற பிரிவும் இருக்குமிடத்தில் இதே மும்பை ஜனங்கள் அபாரமான ஒழுங்கோடு நகர்வதை ஆண்டுக்கொரு முறை நான் வடாலாவிலேயே பார்க்கிறேன்.

ஆஷாட ஏகாதசியைச் சொல்கிறேன். வடாலாவின் விட்டல் மந்திரைச் சின்னப் பண்டரிபுரம் என்பார்கள். பண்டரிக்குப் போக முடியாதவர்கள், ஆலைத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள், துறைமுகத்துச் சுமைகூலிகள், நெற்றியில் கோபியும் கையில் ஜால்ராவுமாக முதல் லோக்கலிலேயே வந்து இறங்குகிறார்கள். வரிசை கோயிலைச் சுற்றி, தெருவைச் சுற்றி, எங்கோ போய் முடிகிறது. காத்ரக் ரோடு பக்கம் வாகனம் நுழையாது. எந்தெந்தத் தெரு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை மூடியிருக்கும் என்று போலீஸார் முன்னதாகவே அறிவித்துவிடுகிறார்கள். அறிவிக்காவிட்டாலும் பஞ்சாங்கம் அறிவித்துவிடுகிறது. ஏகாதசிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாகப் புனாவில் நடப்பது இதைவிடப் பெரிது. ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்பட்டு, புனாவுக்குள் நுழைந்து இரண்டு இரவு தங்கி, பிறகு பண்டரிபுரம் நோக்கிச் செல்கின்றன. லட்சக்கணக்கான வாரகரி பக்தர்கள் கூட நடக்கிறார்கள். நகரத்தின் முக்கியச் சாலைகள் பல மணி நேரம் மூடப்படுகின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் ஜீவசமாதி அடைந்த ஒருவரும், நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரும் வருஷந்தவறாமல் விஜயம் செய்கிறார்கள் என்றுதான் இதைச் சொல்லவேண்டும். எத்தனை மணிக்கு எந்தப் பேட்டையில் பல்லக்கு இருக்கும் என்பது ஊர்க் குழந்தைக்கும் தெரியும். கல்யாணம் வைப்பவர்கள் அந்தத் தேதியைத் தவிர்க்கிறார்கள். பள்ளிக்கூடங்கள் அதற்கேற்ப நடக்கின்றன. புனாக்காரர்கள் முணுமுணுப்பதில் நமக்குச் சளைத்தவர்களல்லர். ஆயினும் பாதுகையைப் பார்த்து முணுமுணுத்தவரை நான் கண்டதில்லை. உயிரோடு இருக்கும் குருவைவிட மறைந்த குரு நேரந்தவறாமையில் மேம்பட்டவராக இருக்கிறார் என்று சொன்னால் அபசாரமாகாது என்று நினைக்கிறேன்.

வெளி தேசங்களிலும் கதை வேறல்ல. 2013 ஜூலையில் போப் பிரான்சிஸ் ரியோ டி ஜெனிரோவில் இறங்கிய அன்று, அவருடைய சிறிய கார் வழி தவறிப் பஸ்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. ஜனங்கள் ஜன்னலுக்குள் கைநீட்டித் தொட்டார்கள். காவலர்கள் வெலவெலத்துப்போனார்கள், அவரோ கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். 2015 ஜனவரியில் கொழும்புக்கு வந்தபோது, கட்டுநாயக்காவிலிருந்து நகரம் வரையில் வெயிலில் திறந்த வண்டியில் நின்று கையசைத்தபடி வந்ததில் நேரமாகிவிட, ஆயர்களோடு வைத்திருந்த சந்திப்பு ரத்தாயிற்று. தாமதத்தின் சுமை அங்கே அதிதியின் தலையிலேயே விழுந்தது; அது எனக்குப் பிடித்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பரில் பிலடெல்பியா நகரத்தார் எதிர்த்திசையில் எல்லை மீறினார்கள். பெரிய பாலத்தை வாகனங்களுக்கு மூடி, ரயில் சீட்டைக் குலுக்கல் முறையில் விற்று, இத்தனை முஸ்தீபுகளைக் கண்டு மிரண்ட ஊர்க்காரர்கள் வெளியூர் போய்விட, கூட்டத்தை நம்பிச் சரக்கு வாங்கிக் குவித்த கடைக்காரர்கள் காலித் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

வியாபாரம் என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டுங்காவில் பூக்கட்டுபவர்களுக்கும் வாழையிலை விற்பவர்களுக்கும் பெரியவர்களின் விஜயம் ஒரு குட்டித் தீபாவளி. சங்கர மடத்துக்கோ ஆஸ்திக சமாஜத்துக்கோ யாரேனும் வருகிறார் என்றால் தாமரையும் சம்பங்கியும் விலை ஏறுவதை வைத்தே வருகிறவரின் பெருமையை ஒருவாறு அளந்துவிடலாம். நஷ்டப்படுகிறவர் தாராவியிலிருந்து சைக்கிளில் வருகிற இட்லிக்காரர். விடியற்காலை மூன்று மணிக்கு வேகவைத்த இட்லியையும், எவர்சில்வர் தூக்கில் சட்னியையும் கட்டிக்கொண்டு, ரப்பர் பந்து ஹாரனை அமுக்கியபடி பாலத்தைத் தாண்டி எட்டு மணிக்குள் தம் வாடிக்கைத் தெருவை அடையவேண்டியவர். மூங்கிலுக்கு இந்தப் பக்கம் அவர் நின்றுவிட்டால், ஆபீஸ்காரர்கள் அந்தப் பக்கம் வேறெங்கோ வடாபாவ் தின்றுவிட்டு ரயிலேறிவிடுவார்கள். பதினொரு மணிக்குச் சட்னி புளித்துவிடும். ஓர் இட்லிக்காரரின் ஒரு நாள் வருமானம் எந்தப் பத்திரிகையின் விஜயச் செய்தியிலும் வருவதில்லை. 1897-ஆம் வருஷத்து ரயிலில் உட்கார்ந்திருந்த கோர்ட்டுப் பிரயாணிக்கு இவர் ஒன்றுவிட்ட தம்பி.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சமயத் தலைவர்கள் வரட்டும்; ஊர்வலமாக வரட்டும்; ஒரு நாள் முழுவதும் தெருவை அடைத்துக்கொண்டு வந்தாலும் வரட்டும். ஆனால் வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டு வரட்டும், சொன்ன நேரத்துக்கு வரட்டும், கூடுமானவரை ஆபீஸ் நேரத்தை விட்டுவிட்டு வரட்டும். ரயிலில் வந்தால் இன்னும் உத்தமம். வடாலாவுக்கு இருதிசையிலிருந்தும் ரயில் இருக்கிறது. கூட்டம் தாங்கிப் பழகிய பாதை அது. இதைக் கேட்டுவிட்டு மடத்தைச் சேர்ந்த ஓர் அன்பர், “உமக்குப் பக்தி போதாது ஓய்” என்றார். இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வைகாசி மாதக் காலை. பெயர் சொல்ல நான் விரும்பாத ஒரு பெரியவர் அருகே எங்கேயோ அனுக்கிரக பாஷணம் செய்ய வருகிறார் என்று எங்கள் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். எனக்கு முன் ஸீட்டில் ஒரு மாமி. மடியில் மஞ்சள் துணியால் மூடிய ஒரு தாம்பாளம். மாட்டுங்காவில் கல்யாணம், பையனுக்கு அவள் அத்தை, முந்தின நாள் ஜானவாசத்துப் பரபரப்பில் கூறைப்புடவையும் திருமாங்கல்யமும் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிட, அவற்றை எடுத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மணி ஒன்பது ஐம்பது. செல்பேசியில் மண்டபத்திலிருந்து நிமிஷத்துக்கொரு முறை யாரோ கூப்பிட, “வந்துண்டேயிருக்கேன், வந்துண்டேயிருக்கேன்” என்று அவள் நின்ற பஸ்ஸிலிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தாள். பத்து மணி அடித்ததும் எழுந்துவிட்டாள். தாம்பாளத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கீழே இறங்கி, மூங்கிலருகே நின்ற கான்ஸ்டபிளிடம் போய், துணியைச் சற்று விலக்கிக் காட்டினாள். அந்த மராட்டிய இளைஞன் உள்ளே பளபளத்ததைப் பார்த்தான். மூங்கிலை ஒரு முழம் உயர்த்தினான். “சாலத் ஜா, மாவ்ஷி, சாலத் ஜா” என்றான். நடந்து போவதற்குத் தடையில்லை. ஈ காக்கை இல்லாத அந்த அகலமான சாலையின் நட்டநடுவே, கொலுசு சப்திக்க, அந்த அறுபது வயது அம்மாள் ஃபைவ் கார்டன்ஸ் பக்கமாக விடுவிடென்று நடந்து போனாள். இருபுறமும் கயிற்றுக்குப் பின்னால் காத்திருந்த பக்தர்களில் சிலர், யாரோ முக்கியமானவர்போலும் என்று எண்ணிக் கைகூப்பினார்கள்.

கார்கள் வந்தபோது மணி பத்து நாற்பது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கை உயர்ந்ததுபோல் இருந்தது. டிரைவர் காலை மடக்கிக்கொண்டு என்ஜினைப் போட்டார். கண்டக்டர் இரண்டு முறை மணியை இழுத்தார்.